எள்ளும் கடலையும் இருக்க டப்பா எதற்கு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "முப்பதே நாளில் 10 கிலோ கூடும், பக்கவிளைவே கிடையாது" என்று சத்தியம் செய்து டப்பாவில் விற்கும் எடை கூட்டும் பொடி, லேகியங்களின் விளம்பரங்கள் பேருந்து நிலையச் சுவர்களிலிருந்து கைபேசித் திரை வரைக்கும் வந்துவிட்டன. இவற்றை வாங்குகிறவர்களில் பலர் கல்லூரிப் பிள்ளைகள், அல்லது கல்யாணத்துக்கு நாள் குறித்தபின் "கொஞ்சம் சதை போட்டால் தேவலை" என்று வீட்டாரின் வாயில் விழுந்துகொண்டிருக்கும் பெண்கள். உடல்பருமனைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை. ஆனால் அதே கணக்கெடுப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பெண்ணுக்கு எடை போதவில்லை. அந்த எட்டில் ஒருவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆளில்லாததால்தான் டப்பாக்காரர்கள் சொல்கிறார்கள்.

முதலில், உண்மையிலேயே எடை கூட்ட வேண்டுமா என்று பார்க்க வேண்டும். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, வரும் எண்ணை 18.5ஆல் பெருக்கினால் கிடைப்பது குறைந்தபட்ச எடை. 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது 50 கிலோ. 155க்கு 44 அரை. 170க்கு 53 அரை. இதற்கு மேல் இருந்து, சோர்வில்லாமல் நடமாடினால், அத்தை சித்தி "காத்தடிச்சா பறந்துடுவே" என்று சொல்வதற்காக ஒரு கிலோகூடக் கூட்ட வேண்டியதில்லை. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, மெலிவு எப்போதிலிருந்து என்ற கேள்வி. சின்ன வயதிலிருந்தே ஒல்லி என்றால் ஒரு கதை. ஆறு மாதத்துக்கு முன்பு 52 கிலோ இருந்தவர் இன்று 48 என்றால் அது வேறு கதை. தானாக எடை இறங்கினால் சாப்பாட்டில் கைவைக்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலையில் ஏறும் காய்ச்சல், இரவு வியர்வை இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரை. நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பு, படபடப்பு, கைநடுக்கம் என்றால் தைராய்டு. ஆசனவாய் அரிப்பு, வெளிறிய கண்ணிமை இருந்தால் குடற்புழுவும் இரத்தசோகையும். எடை கூடிவிடுமோ என்ற பயத்திலேயே சாப்பிடாமல் இருப்பவர்களும், சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவரின் உதவி. இவற்றில் எதுவுமில்லை என்று தெரிந்தபின் வருவதுதான் உணவுக் கணக்கு.

"நான் நல்லாத்தான் சாப்பிடுறேன், உடம்புல ஒட்டவே மாட்டேங்குது" என்பார்கள். பொய் சொல்வதில்லை, வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறார்கள். சிக்கல், எதனால் நிறைகிறது என்பதில் இருக்கிறது. நம் சாப்பாட்டில் தண்ணீர் அதிகம். இட்லியின் எடையில் பாதிக்கு மேல் நீர். சாம்பார், ரசம், மோர், கஞ்சி எல்லாம் நீர்தான். நாலு இட்லி சாப்பிட்டு ஏப்பம் விட்டாலும் உள்ளே போனது 240 கலோரி, 8 கிராம் புரதம். அதற்கு மேல் பெரிய தம்ளரில் ஒரு காபி குடித்தால் மதியம் வரை பசியே தெரியாது.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் நாலு இட்லி, சாம்பார், கொஞ்சம் சட்னி: 340 கலோரி. மதியத்துக்குள் இரண்டு டீ: 150. மதியம் 125 கிராம் அரிசியில் வடித்த சோறு, குழம்பு, பொரியல்: 620. மாலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும்: 140. இரவு மூன்று தோசை, சட்னி: 440. மொத்தம் 1,700 கலோரிக்குக் கிட்ட. புரதம் 45 கிராமைத் தாண்டாது. 48 கிலோ இருக்கும் கல்லூரிப் பையன் ஒருவனின் அன்றாட ஓட்டத்துக்கு இது சரியாகப் போய்விடும். எடை ஏறாது, இறங்காது. வாரத்தில் இரண்டு நாள் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினால் இறங்கும். அதனால் எடை கூட்ட நினைப்பவர்கள் மூன்று நாளைக்குச் சாப்பிடுவது, குடிப்பது அத்தனையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். "நிறைய" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இந்த 1,700 கலோரி 2,200 ஆக வேண்டும். அதாவது நாளொன்றுக்கு 500 கலோரி கூடுதல். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை வேண்டும். இதற்குச் சோற்றை மலையாகக் குவித்தால் இரண்டாம் நாளே வயிறு அடைத்து, மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். தட்டின் அளவை மாற்றாமல், அதே தட்டுக்குள் அடர்த்தியான பொருளைச் சேர்ப்பதே வழி. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம்மவர்கள் சொன்னதில் சரியான கணக்கு இருக்கிறது. எள்ளில் பாதி எண்ணெய். கொள்ளில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை, நார்தான் அதிகம். எள், நிலக்கடலை, தேங்காய், நல்லெண்ணெய், முட்டை, பால் ஆகியவைதான் மெலிந்தவர்களின் சரக்கு. முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறிக் கிண்ணம், சிறுதானிய உப்புமா எல்லாம் நல்லவைதான். ஆனால் வயிற்றைச் சீக்கிரம் நிறைத்துவிடும். எடை கூட்டும் மாதங்களில் அவற்றைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

மேலே சொன்ன அதே பையனுக்கு மூன்றே மாற்றம் செய்தால் கணக்கு நேராகிவிடும். காலை இட்லிக்குச் சாம்பாரைக் குறைத்துவிட்டு, மிளகாய்ப்பொடியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய்: 90 கலோரி. மதியம் ஒரு அவித்த முட்டை: 70 கலோரி, 6 கிராம் புரதம். மாலை நாலு மணிக்கு, டீக்கும் பிஸ்கட்டுக்கும் மேற்கொண்டு, ஒரு தம்ளர் கடலைக் கஞ்சி: 370 கலோரி, 16 கிராம் புரதம். மூன்றும் சேர்ந்து 530 கலோரி, 22 கிராம் புரதம். முட்டை சாப்பிடாதவர்கள் 25 கிராம் பொட்டுக்கடலையை மென்று தின்றால் அதே அளவு புரதம் கிடைத்துவிடும்.

அந்தக் கஞ்சி மாவைச் சற்று விளக்கமாகச் சொல்கிறோம். ஒரு கிலோ மாவுக்குப் பொட்டுக்கடலை 400 கிராம், நிலக்கடலை 300 கிராம், புழுங்கலரிசி 200 கிராம், எள் 100 கிராம். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது. வாணலியில் லேசாகச் சூடேற்றினால் போதும். அரிசியைப் பொரிந்து வெளுக்கும் வரை வறுக்க வேண்டும். நிலக்கடலையைச் சிறு தீயில் தோல் கழலும் வரை வறுத்து, ஆறியபின் தேய்த்துப் புடைக்க வேண்டும். எள்ளைக் கடைசியாகப் போட்டு, படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். அரை நிமிடம் தாண்டினால் கசக்கும். சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் பிடித்த கடலையை ஒன்றுகூட உள்ளே விடக்கூடாது. பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது.

அரைக்கும்போதுதான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். எள்ளையும் நிலக்கடலையையும் தனியே மிக்சியில் போட்டு ஓடவிட்டால் எண்ணெய் கக்கிக் களிம்பாகிவிடும். எல்லாம் நன்றாக ஆறியபின், அரிசியையும் பொட்டுக்கடலையையும் முதலில் மாவாக்கி, அதோடு எள்ளையும் கடலையையும் சேர்த்து, விட்டுவிட்டு இரண்டிரண்டு விநாடியாகச் சுற்ற வேண்டும். கொரகொரப்பு கொஞ்சம் இருந்தால் தப்பில்லை. எண்ணெய்ச் சத்துள்ள மாவு என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, சிக்கு வாடை அடித்துவிடும். மாதத்துக்கு இரண்டுமுறை சிறிதாக அரைத்துக்கொள்வதே மேல்.

காய்ச்சுவதற்கு 50 கிராம் மாவு, அதாவது குவித்து நான்கைந்து மேசைக்கரண்டி. இதைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும். கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டினால் உருண்டைதான் மிஞ்சும். ஐந்து நிமிடம் கிளறி, மாவின் பச்சை வாடை போனதும் காய்ச்சிய பால் 200 மில்லி, இரண்டு தேக்கரண்டி நாட்டுச்சர்க்கரை. கரண்டியிலிருந்து ஒழுகி விழும் பதத்தில் நிறுத்த வேண்டும். கெட்டியாக்கினால் பாதியிலேயே திகட்டி, இரவுச் சாப்பாட்டையும் தின்றுவிடும். இன்றைய கடை விலையில் ஒரு கிலோ மாவு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இருபது நாள் வரும்.

முதல் நாளே முழு அளவில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் 25 கிராம் மாவு, பாதித் தம்ளர் பால். பழகாத குடலுக்குப் பால், கடலை, எண்ணெய் மூன்றையும் ஒரே நாளில் ஏற்றினால் உப்புசமும் கழிச்சலும் வந்து, இருக்கிற எடையும் போய்விடும். பால் குடித்த இரண்டு மணி நேரத்தில் வயிறு புரட்டுகிறது, கழிகிறது என்றால் பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் மாவைத் தண்ணீரிலேயே காய்ச்சிக் குடித்து, பாலுக்குப் பதில் தயிர் சேர்த்துக்கொள்ளலாம்; தயிரில் லாக்டோஸ் குறைவு. பால் ஒத்துக்கொள்பவர்கள் பாக்கெட்டின் கொழுப்பு அளவைக் கவனித்து வாங்கலாம். 3 சதவீதக் கொழுப்புள்ள பாலில் ஒரு தம்ளருக்கு 120 கலோரி, 6 சதவீதத்தில் 175.

விடுதியில் இருப்பவர்களுக்கு அடுப்பு கிடையாது. அவர்களுக்கு வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், 160 கலோரி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒன்று 30 கிராம் என்றால் ஏறக்குறைய அதே கணக்கு. ஊரிலிருந்து வரும்போது பருப்புப்பொடியும் ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் கொண்டுவந்தால், மெஸ் சோற்றில் முதல் கை பருப்புப்பொடி சாதமாகப் போகட்டும். ரசமும் மோரும் கடைசியில். சாப்பாட்டுக்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் மெலிந்தவர்களுக்கு ஆகாது. சாப்பிட்டு அரைமணி கழித்துத் தண்ணீர் குடிக்கலாம். டீ, காபி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம்: பசியை மழுக்கும், இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும்.

சில நம்பிக்கைகளையும் தெளிவாக்கிவிட வேண்டும். பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பதில் இலாபமில்லை. வெந்த முட்டையின் புரதம் பத்தில் ஒன்பது பங்கு உடலில் சேரும். பச்சையில் பாதிதான் சேரும், சால்மோனெல்லா கிருமி பயமும் உண்டு. பழைய சோறு குடலுக்கு நல்லது; ஆனால் நேற்றைய சோற்றில் இருந்ததைவிட ஒரு கலோரிகூட அதில் கூடுவதில்லை, தண்ணீர்தான் கூடுகிறது. பீர் குடித்தால் உடம்பு வைக்கும் என்பது பெரிய ஏமாற்று. ஒரு பெரிய பாட்டிலில் சுமார் 270 கலோரி இருக்கிறது, புரதம் இல்லை என்றே சொல்லலாம். கூடுவது தொப்பையும் கல்லீரல் கொழுப்பும். பப்ஸ், பரோட்டா, ஐஸ்கிரீம் தின்றும் எடை ஏறத்தான் செய்யும். ஆனால் கைகால் குச்சியாகவே இருக்க, வயிறு மட்டும் முன்னால் வரும் உடல்வாகு நம்மவர்களுக்கு அதிகம். சர்க்கரை நோய்க்கு அது நேர்வழி. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தொடக்கூடாது.

ஏறும் எடை சதையாக ஏற வேண்டுமென்றால் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். வாரம் மூன்று நாள், அரைமணி நேரம், தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி எழுதல். பத்து எண்ணிக்கை சுலபமாக வந்ததும் பன்னிரண்டாக்க வேண்டும். சுமை கூடாவிட்டால் தசை கூடாது. தினமும் ஒரு மணி நேரம் ஓடுபவர்கள் அதற்குத் தனியாக 400 கலோரியாவது ஈடுகட்ட வேண்டும், இல்லையேல் கஞ்சியெல்லாம் சாலையிலேயே கரைந்துவிடும்.

எடை பார்ப்பதில் நடக்கும் தவறுகளும் மனதை உடைக்கின்றன. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஏறி நின்றால் ஒரே நாளில் ஒரு கிலோ வித்தியாசம் காட்டும். அது தண்ணீரும் உப்பும் வயிற்றில் இருக்கும் சோறும். வாரத்தில் ஒரே கிழமை, காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில், அதே கருவியில், கெட்டியான தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். வாரம் கால் கிலோ முதல் அரை கிலோ ஏறினால் சரியான வேகம். இரண்டு வாரம் அசையவில்லையென்றால் இன்னொரு கைப்பிடி கடலை சேர்க்க வேண்டும். எடை ஏறும்போது உடலின் செலவும் ஏறுவதால், 48 கிலோவில் பலன் தந்த அதே அளவு 53 கிலோவில் பலன் தராது. இதைத்தான் "கொஞ்ச நாள் ஏறிச்சு, அப்புறம் நின்னுபோச்சு" என்று சொல்லிக் கைவிடுகிறார்கள்.

165 சென்டிமீட்டர் உயரத்தில் 43 கிலோவுக்கும் கீழே இருப்பவர்களும், பல நாள் பட்டினி கிடந்தவர்களும் மேலே சொன்னபடி தாங்களாகத் தொடங்கக்கூடாது. ஒட்டிய உடலில் திடீரென்று உணவு இறங்கும்போது இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் தடுமாறும். மருத்துவமனையில் இரத்தம் பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்ற வேண்டும்.

காசநோயாளிகள் வீட்டில் இருந்தால் உணவும் மருந்துக்குத் துணை நிற்க வேண்டும். சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்று ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம் தரும் உணவுப்பொருள்களை ஆறு மாதம் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ உடம்பில் வெறும் 2 கிலோ! சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் கடலையாகவும் முட்டையாகவும் பாலாகவும் தட்டில் வந்து சேருகிறதா என்று வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது டப்பாவுக்கு வருகிறோம். எடை கூட்டும் பொடி என்று ஜிம்மில் விற்பவற்றின் மூலப்பொருள் பட்டியலைப் படித்தால் பெரும்பாலும் முதலில் நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை உடைத்து எடுத்த பொருள். சர்க்கரை போலவே விரைவாக இரத்தத்தில் ஏறும். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். இந்த ஜிம் பொடி பணவிரயம், அவ்வளவுதான். பெயரில்லாத பொடியும் மாத்திரையும்தான் ஆபத்து. அவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். ஒவ்வாமை மருந்தான சைப்ரோஹெப்டடினைப் பசி மாத்திரை என்று கொடுப்பதும் உண்டு. ஸ்டீராய்டு எடுத்த இரண்டு மூன்று வாரத்தில் முகம் நிலா போல உருண்டுவிடும். பார்ப்பவர்கள் "உடம்பு தேறிடுச்சு" என்பார்கள். தேறியது நீரும் கொழுப்பும். தொடையிலும் கையிலும் இருந்த தசை கரைந்துகொண்டிருக்கும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். ஒரே வாரத்தில் மூன்று நான்கு கிலோ ஏறுகிறது என்றாலே சந்தேகப்பட வேண்டும். வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டவர்கள் பயத்தில் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சமிருக்கும் பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் கல்லூரி நிர்வாகங்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இது. எடை கூட்டும் பொருளின் விளம்பரம் வந்தால், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோ சித்த, ஆயுர்வேத மருந்துக்கான உரிம எண்ணோ இல்லாமல் ஏற்காதீர்கள். "30 நாளில் 10 கிலோ" என்ற வாசகத்தை உரிமம் இருந்தாலும் ஏற்காதீர்கள். பத்தாம் வகுப்பு வரை சத்துணவில் கிடைத்த வாரம் ஐந்து முட்டை பதினொன்றாம் வகுப்பில் நின்றுபோகிறது. பையன்கள் உயரமும் சதையும் போடுகிற வயது அது. விடுதி மெஸ்களில் நாளுக்கு ஒரு முட்டையும், காலையில் தண்ணீர்ச் சாம்பாரோடு ஒரு கரண்டி கெட்டிக் கடலைச் சட்னியும் வையுங்கள். சேர்க்கையின்போது உயரம், எடை எடுப்பவர்கள் அந்தத் தாளைக் கோப்பில் வைத்து மூடாமல், மூன்று மாதம் கழித்து அதே மாணவரை மறுபடி எடைக்கருவியில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்கள் சிலர்,
மதுரை.